அரை கிரவுண்டு புல்தரைக்கு எந்த இயந்திரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் பக்கங்களை நிறைக்கும் இந்நாட்களில், மிக்சிக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே, நடந்தபடியே தள்ளிச் செல்லும் புல்வெட்டும் இயந்திரங்களும் இடம்பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். அடுத்தது விலைக் குறைப்பு. கத்தியைப் பற்றியோ, எந்தப் புல்லுக்கு, எவ்வளவு பெரிய தரைக்கு அந்த இயந்திரம் பொருந்தும் என்பதைப் பற்றியோ ஒரு வரிகூட இருப்பதில்லை. தென்சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் சிறு பூங்கா ஒன்றின் பராமரிப்பைக் கவனித்து வரும் நான், குறைந்த பணத்தில் இப்படியோர் இயந்திரம் வாங்க நினைக்கும் வாசகர்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளையும், விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோளையும் முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது ஓர் அளவு நாடா. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அதில் வீடு, கார் நிற்கும் இடம், சம்ப், சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதை எல்லாம் போக, புல்லுக்கு எஞ்சுவது சில நூறு சதுர அடிதான். பழைய தனி வீடுகளிலும், எங்களைப் போன்ற சங்கங்கள் பார்த்துக்கொள்ளும் தெருமுனைப் பூங்காக்களிலும்கூடப் புல்தரை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, இருந்தால் அதிகம். 12 அங்குல அகலத்துக்கு வெட்டும் சிறிய இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின்மேல் 2 அங்குலம் ஏறும்படி தள்ளினால், இந்த 1,200 சதுர அடியை முடிக்க 1,440 அடி, ஏறக்குறைய 440 மீட்டர், நடக்க வேண்டும். அதையே 20 அங்குலப் பெட்ரோல் இயந்திரத்தால் செய்தால் 800 அடி, சுமார் 245 மீட்டர் நடந்தால் போதும். மிச்சமாவது 195 மீட்டர் நடை. திரும்புவதற்கும் நின்று மூச்சு வாங்குவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டாலும் சிறிய இயந்திரத்தால் இந்த வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்னும்போது, அந்த 195 மீட்டருக்காக இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுப்பது எதற்காக என்பதை வாங்குபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கிரவுண்டு முழுவதும் புல்லாக இருந்தால் கணக்கு மாறும். அப்போது சிறிய இயந்திரத்துக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர், பெரியதற்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலத்துக்குப் பணம் கொடுப்பதில் பொருள் இருப்பது அந்த அளவிலிருந்துதான்.

அடுத்தது புல். நர்சரிகளில் நம்மவர்கள் பெரும்பாலும் வாங்கிப் பதிப்பது கொரியன் கிராஸ் அல்லது பெர்முடா. பெர்முடா என்பது நம் அருகம்புல்லின் இனம்தான். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குல உயரத்துக்குத் தாழ வெட்டினாலும் தாங்கும், வெட்ட வெட்ட அடர்ந்து படரும். கொரியன் கிராஸ் மெதுவாக வளர்ந்தாலும் இலை விறைப்பானது. கத்தி மழுங்கியிருந்தால் அறுபடாமல் நைந்துபோகும். மரநிழலில் வைக்கப்படும் அகல இலைப் பஃபலோ கிராஸை இரண்டரை அங்குலத்துக்குக் கீழே வெட்டினால் தண்டு மட்டும் தெரியும்படி வெளிறிவிடும். புல் எதுவானாலும் ஒரே வெட்டில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தோட்டக்கலையில் அடிப்படை விதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் அருகம்புல்லை வாரத்துக்கு ஒருமுறை, சில வாரங்களில் இருமுறைகூட, வெட்டியாக வேண்டும். ஆகவே, எளிதாக வெளியே எடுத்து எளிதாக உள்ளே வைக்கக்கூடிய இயந்திரமே சென்னையின் மழைக்காலத்துக்குப் பொருந்தும். படிக்கட்டுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவர இரண்டு ஆள் வேண்டுமென்றால், புல் வளர்ந்துகொண்டே இருக்க, இயந்திரம் அங்கேயேதான் கிடக்கும்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அங்கே இருப்பவை அடிப்படையில் இரண்டே வகைதான். ஒன்று, கடைக்காரர்கள் ரீல் என்று சொல்லும் உருளை வகை. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில், எட்வின் பியர்ட் படிங் என்பவர், கம்பளித் துணியின் மேலெழும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, அதே முறையைப் புல்லுக்குக் கொண்டுவந்து 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முறுக்கிய கத்திகள் பொருத்திய உருளை சுழன்று, கீழே அசையாமல் இருக்கும் படுக்கைக் கத்தியோடு சேர்ந்து புல்லைக் கத்தரிக்கிறது. கிட்டத்தட்ட 200 ஆண்டுகளில் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. கோல்ஃப் திடல்களில் குழியைச் சுற்றியுள்ள புல்லை இன்றும் உருளைக் கத்தியால்தான் வெட்டுகிறார்கள். மற்றொன்று, ரோட்டரி எனப்படும் சுழல் வகை: கிடையாகச் சுழலும் ஒற்றைக் கத்தி, வேகத்தின் பலத்தால் புல்லை அடித்து அறுக்கிறது. உயர்ந்த புல், கோரைத் தண்டு, சிறு சுள்ளி எதையும் அது பொருட்படுத்தாது. ஆனால் கத்தி மழுங்கினால் ஒவ்வொரு இலையின் நுனியும் கிழிந்து, இரண்டு நாளில் தரை முழுவதும் பழுப்பேறிவிடும்.

அரை கிரவுண்டு வரையிலான, சமமான, பெர்முடா அல்லது கொரியன் புல்தரைக்கு, கையால் தள்ளும் உருளை இயந்திரமே முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலைகளில் அது கிடைக்கிறது. பெட்ரோலும் வேண்டாம், பிளக் பாயின்டும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும் இரைச்சலும் இல்லை. விற்பவர்கள் இதை எடுத்துக் காட்டுவதில்லை என்பதற்கு அதில் கிடைக்கும் லாபம் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. குறை இல்லாமல் இல்லை. புல்லை மூன்று, நான்கு அங்குலத்துக்கு வளரவிட்டால் உருளை அதைக் கத்தரிக்காமல் சாய்த்துவிட்டுப் போகும்; வேப்பங்குச்சி ஒன்று இடையில் மாட்டினால் அப்படியே நின்றுவிடும்; தரை மேடுபள்ளமாக இருந்தால் மேட்டில் மண்ணைச் சுரண்டும், பள்ளத்தில் புல்லைத் தொடாது. மேடுபள்ளத்துக்கு மருந்து இயந்திரத்தில் இல்லை. நம் புல்தரைகள் பெரும்பாலும் கொட்டிப் பரப்பிய செம்மண்ணின்மேல் போட்டவை என்பதால் ஒரு மழைக்காலத்தில் அங்கங்கே அமிழ்ந்துவிடுகின்றன. சலித்த மணலும் மக்கிய எருவும் கலந்து பள்ளங்களில் தூவிச் சமப்படுத்துவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. எந்த இயந்திரம் வாங்குவதாக இருந்தாலும் அதை முதலில் செய்துவிடுவது நல்லது.

உருளை இயந்திரத்தைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. நாளிதழ்த் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, உருளைக் கத்திக்கும் படுக்கைக் கத்திக்கும் இடையே செங்குத்தாகப் பிடித்து, கையை எட்ட வைத்துக்கொண்டு உருளையை மெல்லச் சுற்ற வேண்டும். தாள் சுத்தமாக நறுக்கப்பட்டு விழ வேண்டும். மடிந்து உள்ளே போனால் இடைவெளி அதிகம். உருளை சுழலவே இறுக்கமாக இருந்து உலோகம் உரசும் ஓசை கேட்டால் இடைவெளி குறைவு. இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும். இடது ஓரத்தில் வெட்டி வலது ஓரத்தில் மடித்தால் படுக்கைக் கத்தி சாய்ந்திருக்கிறது என்று பொருள். இரு முனைகளிலும் உள்ள திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். அந்தத் திருகுகள் இல்லாத, இடைவெளியை மாற்றவே முடியாத மலிவான வகையை எந்தத் தள்ளுபடியிலும் வாங்க வேண்டாம். கத்தி மழுங்கும்போது, மோட்டார் மெக்கானிக்குகள் வால்வுக்குப் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட்டைப் பூசி, உருளையைப் பின்னோக்கிச் சுற்றினால் இரு கத்திகளும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். சாணைக்காரரிடம் உருளையைக் கொடுத்துவிடக் கூடாது. அரிவாளைத் தீட்டும் சக்கரத்தில் முறுக்கிய கத்தியின் வளைவு ஒரேயடியாகக் கெட்டுவிடும்.

புல் கரடுமுரடாகவோ அகல இலையாகவோ இருந்தால், அல்லது வாரம் தவறாமல் வெட்டுவதற்கு ஆள் கிடைக்காது என்றால், கம்பி வழி மின்சாரத்தில் ஓடும் சுழல் இயந்திரம் பொருந்தும். பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக, 1,200 முதல் 1,600 வாட் வரையிலானவை கிடைக்கின்றன. இங்கே விலையைவிட வீட்டின் வயரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1,600 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியர் இழுக்கும். வராந்தாவில் இருக்கும் 5 ஆம்பியர் பாயின்டில் அதைச் சொருகுவது தவறு. 15 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் கேபிள் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரமாக இருக்க வேண்டும்; சீரியல் விளக்குக்கு இழுக்கும் மெல்லிய வயரை 25 மீட்டர் நீட்டி இதை ஓட்டினால் கேபிள் சூடேறும், மோட்டார் திணறும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இல்லாத வீட்டில், மின் இயந்திரத்தை ஈரப் புல்லின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது இருந்தாலும், மழை பெய்து புல் காயாதவரை வெட்டாமலிருப்பதே முறை. கேபிள் கத்தியில் மாட்டாமலிருக்க, பாயின்டுக்கு அருகில் தொடங்கி வெளிநோக்கி வரிசை வரிசையாகப் போக வேண்டும், கேபிளை எப்போதும் வெட்டி முடித்த பக்கத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பேட்டரி இயந்திரங்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெட்டியின்மேல் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பார்த்தால் போதும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144 வாட்-மணி. 600 வாட் இழுக்கும் மோட்டாரை அது கால் மணி நேரத்துக்குள்தான் ஓட்டும். புல் மென்மையாகவும் உலர்ந்தும் இருந்தால் சற்றுக் கூடுதலாக வரும். மாற்றுப் பேட்டரியின் விலையைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். குறைந்த பட்ஜெட்டுக்கு இப்போதைக்கு இது ஒத்துவராது என்றே கருதுகிறேன்.

பெட்ரோல் இயந்திரத்தை முழுவதும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. இரண்டு கிரவுண்டு புல்தரை உள்ள சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் வேறு வழி இல்லை. ஆனால் முப்பதாயிரம் ரூபாயைத் தொட்டோ தாண்டியோ நிற்கும் அந்த விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதை எந்தக் கடையிலும் சொல்வதில்லை. 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தப்பட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று நம் பங்க்குகளில் வழக்கமான எரிபொருள். ஹோண்டா, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் உள்ளிட்ட சிறு எஞ்சின் தயாரிப்பாளர்களின் கையேடுகள் பலவற்றில் அனுமதிக்கப்பட்ட எத்தனால் அளவு 10 விழுக்காடுதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? காரில் ஒரு வாரத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது, இந்த இயந்திரத்தின் டேங்கிலோ அது மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறது. கார்புரேட்டரில் ஊசித்துளை அளவே இருக்கும் ஜெட்டில் பிசுபிசுப்பு படிந்து, மார்கழி முடிந்து தையில் கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடிக்காது. அப்போது மெக்கானிக்கைத் தேடி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பே கையேட்டைப் பிரித்து, எரிபொருள் பற்றிய பக்கத்தில் எத்தனால் அளவு எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். வாங்கியபின், ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்கு முன்பும் எரிபொருள் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பாட்டிலில் பெட்ரோல் தர பங்க்குகளில் மறுப்பார்கள் என்பதால், உரிய கேன் ஒன்றின் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயிலையும் மறந்துவிடக் கூடாது. அரை லிட்டர் அளவே பிடிக்கும் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில், முதல் ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும், அதன்பின் ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றச் சொல்வது பொதுவான வழக்கம். அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவதற்காக இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்ட்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கம் இருக்குமாறு சாய்க்க வேண்டும். மாறிச் சாய்த்தால் ஆயில் அந்த ஏர் ஃபில்ட்டருக்குள் இறங்கிவிடும்; அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தெருவே தெரியாத அளவுக்கு வெண்புகை எழும்பும். அதைப் பார்த்து எஞ்சின் போய்விட்டது என்று பயந்து, பழுதே இல்லாத இயந்திரத்துக்குப் பழுது பார்ப்புச் செலவு கொடுத்தவர்கள் உண்டு.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கத்தியை மூடியிருக்கும் அடிக்கூடு மெல்லிய எஃகுத் தகட்டாலானது என்றால், உப்புக் காற்றிலும், ஒட்டிக் கிடக்கும் ஈரப் புல்லிலும் வேகமாகத் துருப்பிடிக்கும். அலுமினிய வார்ப்பு விலை கூடியது. நல்ல கெட்டியான பிளாஸ்டிக் கூடு சிறிய மின் இயந்திரங்களில் இயல்பாகவே வருகிறது. அதை மட்டமானது என்று ஒதுக்க வேண்டியதில்லை, கடலோரத்தில் அதுதான் நீடிக்கும். சக்கரங்களைத் தானே ஓட்டிக்கொண்டு போகும் செல்ஃப் டிரைவ் வசதிக்குச் சமதளமான நம் ஊரில் பணம் கொடுக்க வேண்டாம். வெட்டு உயரத்தை ஒரே நெம்புகோலால் மாற்றும் வசதிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே போல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தால் யாரும் உயரத்தை மாற்றவே மாட்டார்கள், கோடையிலும் மழையிலும் ஒரே உயரத்தில் வெட்டிப் புல்லைக் கெடுப்பார்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: நம் ஊரில் இயந்திரத்தை வாங்குபவர் ஒருவர், தள்ளுபவர் வேறொருவர். வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரரோ, பூங்காவில் வேலை செய்யும் அம்மாவோதான் அதைத் தள்ளப்போகிறார்கள். ஆனால் கடையில் கைப்பிடியைப் பிடித்துப் பார்ப்பது சங்கத்தின் பொருளாளர். அவர் ஆறடி உயரம் என்றால், ஐந்தடி உயரமுள்ளவருக்கு அந்தக் கைப்பிடி மார்புக்கு வந்து நிற்கும். முப்பது கிலோ எடையை ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் தூக்கித் திருப்ப வேண்டியவரின் முதுகைப் பற்றிக் குதிரைத்திறன் எதுவும் சொல்வதில்லை. வாங்கும் நாளில் தோட்டக்காரரையும் கடைக்கு அழைத்துப் போய், அவர் தள்ளிப் பார்த்து ‘சரி’ என்றபின் பணம் கட்டுவதே நியாயம். அவர் இதுவரை தோளில் மாட்டும் பிரஷ் கட்டரால் வெட்டி வந்தவராக இருந்தால், மாற்றத்துக்கு அவரே முதலில் தயங்கக்கூடும். பிரஷ் கட்டர் சுவரோரத்துக்கும் புதருக்கும் ஏற்றது, புல்தரையைச் சமமாக வெட்டுவது அதன் வேலையல்ல என்பதை ஒருமுறை இரண்டு பக்கமும் வெட்டிக் காட்டினால் அவரே ஒப்புக்கொள்வார்.

பாதுகாப்பும் அவருடைய காலைப் பற்றியதுதான். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் 20 அங்குலக் கத்தியின் முனை மணிக்கு ஏறத்தாழ 285 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பட்ட ஜல்லி எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1982 முதல், கைப்பிடியிலுள்ள நெம்புகோலை விட்ட மூன்று நொடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். இங்கே விற்கும் இயந்திரங்களிலும் அந்த நெம்புகோல் இருக்கிறதா, விட்டவுடன் கத்தி எவ்வளவு விரைவாக நிற்கிறது என்பதைக் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சில இடங்களில் அந்த நெம்புகோலைக் கயிறு போட்டுக் கைப்பிடியோடு கட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். கை வலிக்காமலிருக்க வேண்டும் என்பதற்காகக் காலைப் பணயம் வைக்கும் வழக்கம் அது. ரப்பர் செருப்போடு சுழல் இயந்திரத்தைத் தள்ள யாரையும் அனுமதிக்கக் கூடாது. விரல் மூடிய கெட்டியான காலணி ஒரு ஜோடியும் கண்ணைக் காக்கும் கண்ணாடி ஒன்றும் இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டியவை. அடியில் கை வைக்கும் முன்பு, பெட்ரோல் இயந்திரமானால் ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்ற வேண்டும், மின் இயந்திரமானால் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

பழைய பங்களாக்கள் அடுக்ககங்களாக மாறும்போது, பயன்படுத்திய இயந்திரங்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. எஞ்சின் சூடாக இல்லாத நேரத்தில் போய், நாமே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பின்பு பிளக்கின் மூடியைக் கழற்றிவிட்டு, கத்தியின் ஒரு முனை கூட்டின் விளிம்புக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று அளந்து, கத்தியை அரைச் சுற்று திருப்பி, மறுமுனையை அதே இடத்தில் அளக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறாக இருந்தால் கத்தியோ, அதைத் தாங்கும் தண்டோ கல்லில் மோதி வளைந்திருக்கிறது. கத்தியை மாற்றிவிடலாம், தண்டு வளைந்திருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

விற்பனையாளர்களுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். விளம்பரத்தில் குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது வெட்டு அகலம், உயர வரம்பு, எடை, அனுமதிக்கப்பட்ட எத்தனால் அளவு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். கையேட்டைத் தமிழில் அச்சிட்டுத் தாருங்கள். அதைப் படிக்க வேண்டியவர் தோட்டக்காரர். பாரிமுனையை ஒட்டிய தெருக்களில் இருக்கும் கடையானாலும் புறநகரின் பெரிய காட்சியகமானாலும், பாலீஷ் போட்ட தரையில் இயந்திரத்தை நிறுத்திக் காட்டாமல், ஒரு சதுர மீட்டர் புல்லின்மேல் ஓட்டிக் காட்டுங்கள். தங்கள் நாளிதழும் வீட்டு உபயோகப் பொருட்கள் பற்றி எழுதும் பகுதியில் இந்த விவரங்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

அதுவரை, வாங்கப்போகும் வாசகர்கள் பணம் கட்டுவதற்கு முன்பு, அதே மாடலுக்கான மாற்றுக் கத்தி ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுமாறு கேட்டு, அதன் விலையையும் எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ‘ஆர்டர் போட்டால் வந்துவிடும்’ என்ற பதில் வந்தால், அந்த இயந்திரத்தை அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.